ஊர் திரும்பாத ஆசிரியை
எலிசா அக்னியூ அம்மையார் (1807–1883)

இந்த நூற்றாண்டு மலரில் எமது பாடசாலையை வளர்த்தெடுத்தவர்கள் பலரைப் பற்றிய கட்டுரைகள் இருக்கின்றன. அவர்கள் எல்லோரும் இரத்தோட்டை மழையில் நனைந்தவர்கள். மாத்தளை பஸ்ஸுக்காகக் கால்கடுக்க நின்றவர்கள். மலையில் மூடுபனி இறங்கத் தொடங்கினால் தூரத்துத் தோட்டங்களுக்கு நடந்து போக வேண்டிய எம்மைச் சற்று முந்தியே வீட்டுக்கு அனுப்பியவர்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டவரோ இந்த ஊரை ஒரு நாளும் பார்த்திராதவர். எமது பாடசாலை தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே யாழ்ப்பாண மண்ணில் அடங்கிவிட்டவர். மலர்க் குழுவில் சிலருக்கு இது பற்றித் தயக்கம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. உடுவில் பாடசாலையின் மலரில் இருக்க வேண்டிய கட்டுரைக்கு இங்கே என்ன வேலை என்று அவர்கள் கேட்டது நியாயந்தான்.

எம்மில் மூத்தவர்களுக்கு அதன் பதில் தெரியும். ஐந்தாம் வகுப்பில் எமக்குப் புவியியல் படிப்பித்த ஆசிரியை ஒருவர் இருந்தார். உடுவிலில் படித்து, முதல் நியமனத்தில் மலைநாட்டுக்கு வந்து, இரத்தோட்டைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். உலகப் படத்தைச் சுவரில் மாட்டியதும் அவருடைய பிரம்பு முதலில் இலங்கையைத் தொடாது. நியூயோர்க் நகரத்தைத் தொடும். அங்கே முன்னொரு காலத்தில் உங்களைவிடச் சின்னப் பிள்ளை ஒருத்தி இதே மாதிரி ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று கதையைத் தொடங்கி, கடல் எல்லாம் சுற்றிக் கடைசியில் எங்கள் தீவுக்கு வந்து சேர்வார். அந்தக் கதையில் வந்த பிள்ளைதான் எலிசா அக்னியூ. உலகப் படம் என்பது பரீட்சைக்கு ஊர்ப் பெயர் குறிப்பதற்கு மட்டுமல்ல, ஒருவர் தம் வாழ்நாளை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கவும் உதவும் என்று எமக்கு முதன்முதல் தெரிந்தது அன்றுதான்.

எலிசா 1807ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தார். எட்டு வயதளவில், வகுப்பு ஆசிரியை உலகப் படத்தை விரித்துத் தூர தேசங்களைக் காட்டியபோது, இலங்கை என்ற சின்னத் தீவையும் சுட்டிக் காட்டினாராம். வளர்ந்த பின் கடவுள் சித்தமானால் அப்படிப்பட்ட ஒரு நாட்டுக்குப் போய் இயேசுவைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை அன்றே மனத்தில் குறித்துக்கொண்டது. எட்டு வயதில் நாம் எல்லோரும் ஏதேதோ ஆவதாகச் சொன்னவர்கள். வைத்தியராகப் போகிறோம் என்றோம், பஸ் ஓட்டப் போகிறோம் என்றோம். அடுத்த தவணைக்குள் மறந்தும் போனோம். எலிசா மறக்கவில்லை.

ஆனால் உடனே புறப்படவும் இல்லை. இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்க்கை எமக்கு நெருக்கமாகிறது. வீட்டில் அவரை நம்பியிருந்தவர்களைப் பராமரிக்க வேண்டியிருந்தது. முப்பது வயது தாண்டும் வரை வீட்டுக் கடமையில் இருந்தார். எம்முடைய பழைய மாணவிகளில் எத்தனை பேர் தலைப்பிள்ளையாகப் பிறந்த காரணத்தினால், தங்கையைக் கரையேற்றி, தம்பியைப் படிக்க வைத்து, நோயாளியான தாயைப் பார்த்து, தமக்கென்று நினைத்ததைப் பத்து, இருபது வருடம் தள்ளிப் போட்டவர்கள்! அப்படித் தள்ளிப் போட்டது அநேகமாக அப்படியே போய்விடுகிறது. எலிசாவுக்கு அது போகவில்லை. நெருங்கிய உறவினர்கள் கண்மூடிய பின், 1839இல், தமது 32ஆவது வயதில், சிறுவயதில் படத்தில் பார்த்த தீவை நோக்கிக் கப்பல் ஏறினார். அமெரிக்க மிஷன் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது.

அக்காலத்தில் ஒரு பெண் தனியாக மிஷனரியாகப் போவது அமெரிக்காவிலேயே புதினமான காரியம். பெண்கள் உயர்கல்வி பெறுவதற்காக மேரி லயன் என்பவர் மசசூசெட்ஸ் மாநிலத்தில் மவுண்ட் ஹோலியோக் கல்விக்கூடத்தைத் தொடங்கி அப்போது இரண்டு வருடந்தான் ஆகியிருந்தது. போதகரின் மனைவியாக வருவது வழக்கம்; மணமாகாத ஒருத்தி தன் பெயரிலேயே வருவது அபூர்வம். சுயெஸ் கால்வாயும் வெட்டப்படவில்லை. பாய்க்கப்பல் ஆபிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கடலில் ஆடி வர வேண்டும். 1840இல் எலிசா அக்னியூ யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அவர் வெறும் நிலத்துக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷன் 1816 முதல் குடாநாட்டில் வேலை செய்துவந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கு ஒரு உயர் கல்விக்கூடம் எழுந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் படித்துப் புகழ் பெற்ற இடம் அது. அடுத்த ஆண்டு, 1824இல், ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான உறைவிடப் பாடசாலையைத் தொடங்கினார். ஆசியாவிலேயே மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்று அது. பெண் பிள்ளை எழுத்துப் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நினைத்த காலம். ஏடும் எழுத்தாணியும் பெண் கைக்கு ஏன் என்று தாய்மாரே கேட்டார்கள். ஒரு மழை இரவில் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டில் தங்கிப் பசிக்கு அங்கே சாப்பிட்டுவிட்ட இரண்டு சிறுமிகளிலிருந்தே விடுதி தொடங்கியது என்று அந்தப் பாடசாலையின் பழங்கதை கூறுகிறது. வேற்றார் கையால் உண்டுவிட்ட பிள்ளைகளை வீட்டார் என்ன செய்வது என்று திகைத்தார்களாம். பின்பு அங்கேயே படிக்க விட்டார்களாம். எமது ஊரில் மழை பாடசாலைக்குப் போக விடாமல் தடுக்கும். உடுவிலில் மழைதான் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்துவிட்டிருக்கிறது.

ஹரியட் அம்மையார் 1833இல் 36 வயதிலேயே காலமானார். அதன் பின் ஸ்போல்டிங் தம்பதியர் பாடசாலையைத் தாங்கினார்கள். எலிசா வந்ததும் கற்பித்தல், விடுதி, ஒழுங்கு எல்லாம் மெல்ல மெல்ல அவர் கைக்கு வந்தன. 1879இல் ஓய்வு பெறும் வரை, ஏறத்தாழ நாற்பது வருடங்கள், அவர் அந்த வளவை விட்டு அகலவில்லை.

நாற்பது வருட வேலை என்றால் அதில் சம்பவம் குறைவாகத்தான் இருக்கும். விடியற்காலை மணி, ஜெபம், வகுப்பு, தையல், சமையற்கட்டு மேற்பார்வை, காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குக் கஞ்சி, இரவு விளக்கு அணைக்கு முன் ஒரு சுற்று. அடுத்த நாளும் அதுவே. எமது விடுதியில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியே உலகம் ஓடிக்கொண்டிருந்தது. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மிஷன்மாருக்கு எதிராகச் சைவம் காக்க எழுந்தார். எலிசா அம்மையாரின் உலகம் அந்த ஒரு மதிலுக்குள்ளும் அதைச் சுற்றியிருந்த கிராமங்களிலும் அடங்கியது.

அந்தப் பாடசாலையின் நடைமுறைகள் எல்லாம் இன்று எமக்கு ஏற்புடையவை அல்ல. எம்மில் பலர் கோயிலுக்குப் போகிறவர்கள், சிலர் பள்ளிவாசல் வீட்டார், சிலர் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். எல்லோரும் ஒரே மண்டபத்தில் காலை வணக்கம் செய்து வளர்ந்தவர்கள். உடுவிலில் சேர்ந்த பிள்ளைக்குத் தாய் தகப்பன் இட்ட பெயரை மாற்றி, அமெரிக்காவில் அவளுடைய செலவுக்குப் பணம் அனுப்பிய அம்மாளின் பெயரை இட்ட வழக்கம் இருந்தது. பெற்ற பெயரைக் கொடுத்துத்தான் எழுத்தைப் பெற வேண்டுமா என்று இன்று வாசிக்கும்போது மனம் கேட்கிறது. படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மணமகனைக் கைப்பிடிக்கும் பெண்ணுக்கு ஆரம்ப காலத்தில் மிஷனே சீதனம் கொடுத்தது. சீதனம் இல்லாமல் கன்னியாகவே இருந்துவிடுவாளோ என்று பெற்றோர் அஞ்சிய சமூகத்தில், பெண் பிள்ளையைப் பாடசாலையில் வைத்திருக்க வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை போலும். இதை நாம் மெச்சவும் மாட்டோம். அதற்காக அவர்களைப் பழிக்கவும் மாட்டோம். மதம் மாறினால் வீடு மகளை இழந்தது என்று அழுத சைவத் தாய்மாரின் கண்ணீரும் அந்தக் காலக் கதையில் உண்டு. 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி சைவப் பெண்களுக்காக எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பெண் படிக்கத்தான் வேண்டும் என்பதில் அதற்குள் இரண்டு தரப்பும் ஒன்றுபட்டுவிட்டன என்பதையும் பார்க்க வேண்டும்.

1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழு வட்டுக்கோட்டைக் கல்விக்கூடத்தை மூடிவிட்டது. உடுவிலும் சுருக்கப்பட்டது, ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் மட்டும் கற்பிக்க வேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. மேலே இருந்து ஒரு சுற்றறிக்கை வந்து, கஷ்டப்பட்டுக் கட்டியதைக் குறைத்துக்கொள் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று எமது அதிபர்களுக்குத் தெரியும். அக்னியூ அம்மையார் கோபித்துக்கொண்டு கப்பல் ஏறவில்லை. இருந்த பிள்ளைகளுடன் இருந்த மொழியில் தொடர்ந்தார். பின்னாளில் நிலைமை தலைகீழாக மாறியது. சீதனம் கொடுத்துப் பிள்ளை சேர்த்த பாடசாலைக்குப் பெற்றோரே கட்டணம் கட்டிப் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

இப்போது நாம் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறோம். அந்த அம்மையாரின் ஈகையை எண்ணும்போது பலரும் அவர் விட்டுவந்த ஊரையும் வீட்டையும் எண்ணுவார்கள். எமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. பாடசாலையை விட்டுப் போன பிள்ளையை அவர் விட்டுவிடவில்லை. கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பெண்களைச் சந்திப்பது அவரது வழக்கம். பனைவெளிகளுக்கூடாகப் போய், கிடுகு வேலியின் படலையைத் திறந்து, ஒரு காலத்தில் தம் வகுப்பில் இருந்தவள் இப்போது அடுப்படியில் இருப்பதைப் பார்ப்பார். அவளுடைய மகள் பக்கத்தில் நிற்பாள். சில வருடத்தில் அந்த மகளும் உடுவிலுக்கு வருவாள். பிறகு அவளுடைய மகளும் வருவாள். மூன்று தலைமுறையை ஒரே ஆசிரியை படிப்பித்தார். அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாகத் திருச்சபையில் சேர்ந்தார்கள். பிள்ளை பெறாத அந்தப் பெண்ணை யாழ்ப்பாணத்தார் ஆயிரம் புதல்விகளின் தாய் என்று அழைத்தார்கள். பழைய மாணவிகள் சங்கம் என்ற பெயரும், தலைவி, செயலாளர், பொருளாளர் என்ற பதவிகளும் வருவதற்கு முன்பே அந்தச் சங்கம் ஒரு கிழவியின் கால் நடையில் இருந்திருக்கிறது என்பது எமது எண்ணம்.

மலைநாட்டுப் பாடசாலையில் படித்த எவருக்கும் இடமாற்றம் என்ற சொல்லின் கனம் தெரியும். கஷ்டப் பிரதேசச் சேவை இத்தனை வருடம் என்று எண்ணி, முடிந்த மறுநாள் விண்ணப்பம் போட்டுவிட்டுப் போன நல்ல ஆசிரியர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்களை நாம் குறை சொல்வதில்லை. அவர்களுக்கும் ஊரில் தாய் இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள். குறிஞ்சி மழையில் சேலை காயாத வாழ்க்கை எல்லோருக்கும் ஒத்து வராது. அக்னியூ அம்மையார் 43 வருடம் இந்தத் தீவில் இருந்தார். அந்தக் காலத்தில் பல மிஷனரிகள் உடல் தேற ஒரு முறையேனும் தாய்நாடு போய் வந்தார்கள். 1869இல் சுயெஸ் திறந்த பின் நீராவிக் கப்பலில் பயணமும் எளிதாயிற்று. அவர் ஒரு தடவையும் போகவில்லை. ஊருக்குப் போய் வரலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம், தமக்கு அதற்கு நேரமில்லை, வேலை அதிகம் என்பதே.

இந்தப் பதிலை நாம் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறோம். கடமை தடுக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சபதம் செய்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. நேரமில்லை என்பது, அடுப்பில் பொங்கல் பொங்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் கூப்பிட்டால் நாம் சொல்லும் பதில். அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. தியாகம் என்ற பெரிய சொல்லை அவர் மேல் ஏற்றினால் அந்தச் சந்தோஷம் நசுங்கிப்போகும் என்று அஞ்சுகிறோம். கொடுத்ததைக் கணக்குப் பார்க்கிறவருக்குத்தான் தியாகம் தெரியும். அவர் விசுவாசித்த கடவுள் அவருக்குக் கொடுத்த பங்கு இந்தப் பிள்ளைகள் என்று அவர் நம்பினார். ஆகவே ஒவ்வொரு தையும் ஒவ்வொரு புதுப் பிள்ளையும் அவருக்கு வரவாகவே தெரிந்திருக்க வேண்டும். எட்டு வயதில் கேட்டதை முப்பத்திரண்டில் பெற்றவருக்கு, அதை விட்டுவிட்டு ஓய்வுக்குப் போக மனம் வராததில் என்ன வியப்பு?

இங்கே எமது மனத்தில் இருக்கும் ஒரு தாங்கலையும் சொல்லிவிடுகிறோம். அக்னியூ அம்மையார் உடுவிலில் முதல் வகுப்பை எடுத்த அதே 1840களில்தான், எமது பாட்டிமாரின் பாட்டிமார் தமிழ்நாட்டுப் பஞ்சக் கிராமங்களிலிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். கோப்பித் தோட்டம் வெட்ட வந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. உடுவிலில் ஒரு பெண் பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் பூமிசாஸ்திரமும் சொல்லிக் கொடுக்க உலகத்தின் மறு பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அதே கடலின் இந்தப் பக்கம், மாத்தளைக் கிழக்கு மலைகளில், தாயின் முதுகில் கட்டப்பட்டு வந்த பெண் பிள்ளைக்கு அப்படி ஒருவர் இருக்கவில்லை. 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு தோட்டத் தமிழருக்கென ஒரு கிறிஸ்தவ மிஷன் தொடங்கியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உபதேசிமார் வந்து லயங்களில் பாட்டும் எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். அது நன்றிக்குரியது. ஆனால் பெண் பிள்ளை கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வகுப்பில் உட்காருவதற்கு எமது மக்கள் இன்னும் இரண்டு மூன்று தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது. கோப்பி பூஞ்சண நோயில் அழிந்து தேயிலை வந்து, அதுவும் நிலைத்த பின்புதான் எமது முறை வந்தது.

அந்த முறை வந்தபோது எமக்கு முன்னால் நின்றவர்களில் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணத்து ஆசிரியைகள். யாரிடமோ படித்த தாய்க்குப் பிறந்து, அந்தத் தாயின் தாய் யாரிடம் படித்தாள் என்று பின்னோக்கிப் போனால், சிலருடைய வழி உடுவிலின் மதில் வாசலுக்குப் போய்ச் சேரும். எமது புவியியல் ஆசிரியைக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் பிரம்பு முதலில் நியூயோர்க்கைத் தொட்டது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று அமெரிக்காவில் படத்தைப் பார்த்ததற்கும் இரத்தோட்டையில் நாம் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கும் நடுவில் இடைவெளி அதிகமில்லை என்று அவர் எமக்குக் காட்ட விரும்பியிருக்கலாம். அந்த வயதில் நாம் கவனித்தது என்னவோ, அவருடைய பிரம்பு நுனியில் சுற்றியிருந்த சிவப்பு நூலைத்தான்.

1879இல், 72ஆவது வயதில், அம்மையார் பாடசாலைப் பொறுப்பை இறக்கி வைத்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் வெர்மண்ட் மாநிலத்திலிருந்து மேரி, மார்கிரெட் லீச் என்ற இரண்டு சகோதரிகள் மானிப்பாய்க்கு வந்தார்கள். முதியவர் தமது கடைசிக் காலத்தை அவர்களோடு கழித்தார். வந்த புதிதில் மொழியும் வழக்கமும் தெரியாத அந்த இளம் பெண்களுக்கு, நாற்பது வருடம் இங்கே ஊறிய ஒருவர் வீட்டில் இருந்தது எவ்வளவு பெரிய வாய்ப்பு! அவரைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த செய்திகளில் பெரும்பகுதி பின்பு அந்தச் சகோதரிகள் எழுதிய புத்தகத்தால் தப்பியவை. பாடசாலை அதிகாரம் போன பின்பும் அம்மையார் பெண்களின் வீடுகளை மறக்கவில்லை. எமது ஓய்வுபெற்ற ஆசிரியைகளில் ஒரு சிலரைப் பார்த்தால் எமக்கு அவர் நினைவு வரும். கையில் குடை, மறு கையில் ஒரு பை, பைக்குள் யாருக்கோ கொடுக்க ஏதோ ஒன்று.

1883 ஜூன் மாதத்தில் நோய் முற்றியது. படுக்கையருகே வந்த மிஷனரி ஒருவர் எதற்காக ஜெபிக்கட்டும் என்று கேட்டபோது, தமக்காக அல்ல, யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். அதே நேரத்தில் உடுவில் பாடசாலையில் அறை அறையாகப் பிள்ளைகள் முழந்தாளிட்டு அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஜூன் 14ஆம் திகதி அவர் மானிப்பாயில் காலமானார். வயது 76. அடக்க ஆராதனைக்குத் தேவாலயம் நிரம்பி வழிந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அல்ல அது. போதகரின் மனைவி, உபாத்தியாயரின் மனைவி, வைத்தியரின் மனைவி, வழக்கறிஞரின் மனைவி, வியாபாரியின் மனைவி, கமக்காரனின் மனைவி என்று எங்கு பார்த்தாலும் அவரிடம் படித்த பெண்கள். அந்தக் காலத்துப் பதிவு அவர்களைக் கணவன்மாரின் தொழிலைக் கொண்டே குறிக்கிறது. வேறு வகையில் குறிக்க அப்போது வழி இருக்கவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பாட்டியும் அந்தப் பேத்தியும் ஒரே ஆசிரியைக்காக அழுத அடக்க ஆராதனை எங்கும் நடப்பதல்ல.

எமது சங்கத்தின் பழைய வரவு இடாப்புகளை இம்மலருக்காக எடுத்துப் பார்த்தோம். கறையான் அரித்தது போக மிஞ்சியவை கொஞ்சம். அவற்றில் 1960களின் பிற்பகுதியிலிருந்து 70கள் வரை, தவணை நடுவில் சிவப்பு மையால் கோடிழுத்து வெட்டப்பட்ட பெயர்கள் வரிசையாக வருகின்றன. கோட்டுக்குப் பக்கத்தில் இந்தியா என்று ஒரு சொல். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தபோது, எமது வகுப்பறைகளுக்கு அது வந்த விதம் இதுதான். தாயகம் திரும்புகிறார்கள் என்று சொன்னார்கள். பார்த்திராத ஊருக்கு எப்படித் திரும்புவது? பக்கத்து வாங்கில் இருந்தவள் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறியாயிற்று என்று லயத்தில் யாரோ சொன்னார்கள். கொப்பியில் பாதிக் கணக்கு அப்படியே நின்றது.

அவர்களில் சிலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள் என்று அறிகிறோம். சிலர் தமிழ்நாட்டின் வேறு மாவட்டங்களில் இருக்கிறார்கள். அதற்குப் பின் வந்த கலவர வருடங்களில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள், அங்கிருந்தும் எழும்பி ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்கள் வேறு. இந்த மலரை விற்றுச் சேரும் பணத்தில் முதலில் என்ன செய்வது என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, நூலகக் கட்டடத்துக்கு ஓடு மாற்ற வேண்டும் என்றார்கள் சிலர். அது நடக்கும். ஆனால் எம்மில் நான்கைந்து பேர் அக்னியூ அம்மையாரின் கதையை அப்போது நினைவூட்டினோம். அந்த விடுமுறையில் இருவர் தம் செலவில் நீலகிரிக்குப் போனார்கள். விலாசம் என்று கையில் இருந்தது ஓர் ஊர்ப் பெயர் மட்டும். தேயிலைத் தொழிற்சாலை வாசலில் விசாரித்து விசாரித்து, மூன்றாம் நாள் ஒரு வீட்டின் கதவைத் தட்டினார்கள். திறந்தவளுக்கு நரை விழுந்திருந்தது. அவளை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளோ இருவரையும் பெயர் சொல்லி அழைத்து, வந்ததும் வராததுமாக, அந்த ஆண்டுத் தமிழ்ப் பரீட்சையில் தனக்கு எத்தனை புள்ளி என்று இடாப்பில் இருக்கிறதா என்று கேட்டாள். போனவர்கள் சிரித்தும் அழுதும் இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டு வந்தார்கள். அத்தனை வருடத்தில் தாம் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று இருவரும் வந்து சொன்னார்கள். இவர்களில் ஒருவர் திருநீறு பூசுகிறவர், மற்றவர் சிலுவை போடுகிறவர்.

அவளுடைய புள்ளி இடாப்பில் இருந்தது. எழுபத்தொன்று. கடிதம் எழுதிப் போட்டிருக்கிறோம்.

இம்மலரின் இறுதிப் பக்கங்களில் பழைய மாணவிகளின் பெயரும் விலாசமும் வகுப்பு வாரியாக அச்சிடப்பட்டுள்ளன. சிவப்புக் கோடு விழுந்த பெயர்களையும் சேர்த்தே அச்சிட்டிருக்கிறோம். அவற்றுக்கு எதிரே விலாசத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அந்தப் பெயர்களில் எவரையேனும் அறிந்தவர்கள், எந்த நாட்டில் இருந்தாலும், தெரிந்ததை எமக்கு எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தாலும் போதும்.